சத்துக் குளிகை

செல்லபாய் மகளின் கையில் அந்த நீலத்தை முதலில் பார்த்தது, இருவரும் மகள் வீட்டுக் குழாயடியில் குத்தவைத்துச் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தபோது. சிஜி நைட்டியின் கையைத் தோள்வரை சுருட்டி விட்டிருந்தாள். முழங்கைக்கு மேலே, கத்தரிக்காய் நிறத்தில், ஒரு பப்படம் அகலத்துக்குக் கன்றிக் கிடந்தது.

செல்லபாயின் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். காலையில் பூவாரிலிருந்து மீன் நிறைத்த சருவத்தோடு ஆட்டோ ஏறி, அதியன்னூர், நெய்யாற்றின்கரை என்று வீடு வீடாகப் படியேறி இறங்கும் பெண் அவள். செவுளை விரித்துப் பார்க்கவே வேண்டாம், தூரத்தில் நின்றே இந்த அயலை இன்றைக்குப் பிடித்ததா நேற்றைய ஐஸா என்று சொல்லிவிடுவாள். அந்தக் கண்ணில் ஒன்று பட்டுவிட்டால் அது சும்மா போகாது. மனசுக்குள் போய் உட்கார்ந்து அரித்துக்கொண்டே இருக்கும்.

இது எப்படி வந்தது என்று கேட்டாள். சிஜி யாரோ ஒருத்தியின் கையைப் பார்ப்பது மாதிரி தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். தெரியவில்லை, எங்கேயாவது இடித்திருக்கும் என்றாள்.

கல்யாணம் செய்து கொடுத்த மகள் இந்தப் பதிலைச் சொன்னால் எந்த அம்மாவுக்குத்தான் சோறு இறங்கும்? செல்லபாய் சாளையின் குடலைத் தேவைக்கு மேல் பலமாகப் பிடுங்கினாள்.

சிஜியின் வீடு பாறசாலைக்குப் பக்கத்தில். தனுவச்சபுரத்தில் கல்லூரிக்கு எதிரே ஒரு போட்டோஸ்டாட் கடையில் அவளுக்கு வேலை. மாணவர்கள் அடைத்துக்கொண்டு வரும் பஸ்ஸில் தொங்கிப் போய்த் தொங்கி வருவாள். புருஷன் ஜெனில் ரோட்டோரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வான். பேச்சு குறைவு, கை பெரிது. கல்யாணத்தின்போது அந்தக் கையைப் பார்த்து உழைக்கிற கை என்று ஊரெல்லாம் மெச்சியவள் செல்லபாய்தான்.

அவர்களுக்கு ஒரே ஒரு வருத்தம். சிஜி இரண்டு முறை உண்டானாள், இரண்டும் தங்கவில்லை. நெய்யாற்றின்கரையில் டாக்டர் விமலகுமாரியிடம் காட்டினார்கள். ரத்தம் கட்டிப்போவதால் சில பேருக்கு இப்படி ஆகும், அடுத்த தடவைக்கு இப்போதே தயாராகலாம் என்று சொல்லி, டாக்டர் தினமும் போட ஒரு சின்ன வெள்ளைக் குளிகை எழுதிக் கொடுத்தாள். ரத்தத்தைக் கொஞ்சம் இளக்கி வைக்கிற குளிகை அது.

அந்த வெள்ளைக் குளிகை மேல் செல்லபாய்க்குப் பெரிய மரியாதை கிடையாது. கொத்தமல்லி விதை அளவுக்கு ஒன்றை விழுங்கினால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தாள். அவளுடைய நம்பிக்கை முழுக்க மகன் ஜினு மஸ்கட்டிலிருந்து கொடுத்து விடும் குப்பிகள் மேல். லீவில் யார் வந்தாலும் அவர்கள் பெட்டியில் அம்மாவுக்கென்று சென்ட், சோப்பு, பாதாம் பருப்போடு இரண்டு குப்பிகளும் வரும். ஒன்றில் விட்டமின் ஈ. இன்னொன்றில் மீனெண்ணெய். உள்ளே குளிகைகள் பொன்னிறத்தில் பளபளவென்று, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபக்கம் தெரியும். மீன்காரிக்கே மீனெண்ணெயைக் குப்பியில் அடைத்து அனுப்புகிறானே என்று அவள் புருஷன் யேசுவடியான் வலை பின்னிக்கொண்டே சிரிப்பார். செல்லபாய் காதில் வாங்க மாட்டாள். குப்பி வந்த அன்றே அது மகள் வீட்டுக்குப் போய்விடும்.

இதில் ஒரு விஷயம் உண்டு. செல்லபாயின் கணக்கில் வாயில் போடுவதெல்லாம் மூன்று வகை. சோறு, மருந்து, சத்து. மருந்து என்பது சீக்காளிக்கு டாக்டர் எழுதிக் கொடுப்பது. கசக்கும், கூடினால் ஆபத்து. சத்து அப்படியில்லை. அது சோற்றுக்கு அக்கா தங்கை மாதிரி, எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது. இது செல்லபாய் ஒருத்தியின் கணக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். டிகிரி படித்த சிஜிக்கும் அதே கணக்குதான். அதனால் ஒவ்வொரு முறையும் டாக்டர், "வேறே மருந்து எந்தெங்கிலும் கழிக்குன்னுண்டோ?" என்று மலையாளத்தில், வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாயா எனக் கேட்கும்போது அம்மாவும் மகளும் ஒன்றாகத் தலையாட்டி இல்லை என்பார்கள். சத்தியமாகத்தான் சொன்னார்கள்.

அடுத்த வாரம் போனபோது நீலம் முழங்காலுக்குக் கீழேயும் இருந்தது. பழையது மஞ்சளித்து மாறுவதற்குள் புதியது வந்திருந்தது. பஸ் படியில் இடித்திருக்கும், கடையில் மேசை முனை இடித்திருக்கும் என்று சிஜி ஏதோ சொன்னாள்.

செல்லபாய்க்கு முதலில் தோன்றியது பலவீனம். இரண்டு பிள்ளை கலைந்த உடம்பு, ரத்தம் செத்துப் போயிருக்கிறது, அதனால்தான் தொட்டதற்கெல்லாம் நீலிக்கிறது. சரி, சத்தைக் கூட்டினால் போயிற்று. காலையில் ஒன்று போட்டுக்கொண்டிருந்தவளைக் காலையும் மாலையும் போட வைத்தாள், இரண்டு குப்பியிலிருந்தும். சிஜி குப்பியில் ஒன்று போதும் என்று எழுதியிருப்பதாகச் சொன்னதற்கு, அது அரபிக்காரனுக்கு எழுதியது, அவன் மூன்று வேளையும் இறைச்சி தின்கிறவன், உனக்கு அப்படியா என்று ஒரே போடாகப் போட்டாள்.

நீலம் கூடியது. முதுகிலும் வந்தது.

அப்போது டெங்கு பயம் இருந்த காலம். கடற்கரையில் வீட்டுக்கு வீடு பிளேட்லெட் என்கிற வார்த்தை புழங்கிக்கொண்டிருந்தது. பத்தாம் வகுப்பு தாண்டாதவர்கள்கூட அடுத்த வீட்டுக்காரருக்குக் கவுண்ட் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சொல்வார்கள். பப்பாளி மரங்களில் இலை நிற்கவில்லை. பக்கத்து வீட்டு ரீத்தா, சிஜியின் நீலத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அது பிளேட்லெட் குறைவாகத்தான் இருக்கும், சீக்கிரம் சோதிக்கச் சொல் என்றாள். செல்லபாய்க்கு உயிரே போய்விட்டது. மறுநாள் மீனை ரீத்தாவிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினாள். சிஜியைக் கூட்டிக்கொண்டு பாறசாலை ஜங்ஷனில் ஒரு லேபில் ரத்தம் கொடுக்க வைத்தாள். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை எடுத்ததும் திரும்பக் கசிந்தது. லேபில் இருந்த பெண் இன்னொரு பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் ரிசல்ட் வந்தது. பிளேட்லெட் கவுண்ட் சரியாக இருந்தது. குறைவுமில்லை, கூடுதலுமில்லை.

இந்த இடத்தில் எந்த அம்மாவும் கும்பிட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பாள். செல்லபாய் மாதாவைக் கும்பிட்டாள், ஆனால் நிம்மதி வரவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது வேறொரு யோசனை வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. சீக்கு இல்லை. ரத்தத்தில் குறையில்லை. பின்னே நீலம் எங்கிருந்து வருகிறது? உடம்பு தானாகச் செய்யவில்லை என்றால், யாரோ செய்கிறார்கள். அந்த வீட்டில் சிஜியைத் தவிர இருப்பது ஒரே ஒரு ஆள்.

அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மீன் விற்கப் போன வீடுகளில் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வந்தாள். அதைக் கண்டு வீட்டுக்காரிகள் மீனில் ஏதோ கோளாறு என்று சந்தேகப்பட்டார்கள். ஜெனிலின் பழைய பேச்சையெல்லாம் புரட்டிப் பார்த்தாள். ஒருமுறை கறியில் உப்பு குறைவென்று தட்டைத் தள்ளி வைத்தானே. ஒருமுறை போனில் யாரிடமோ சத்தம் போட்டானே. பேசாத ஆள் என்று நினைத்தோமே, பேசாத ஆள்தான் அடிப்பான். மனசு ஒருத்தனைக் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட்டால் சாட்சிக்கா பஞ்சம்? தட்டு, போன், மௌனம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

பிறகு ஒரு நாள் மகள் வீட்டுக்குப் போனபோது சிஜியின் மணிக்கட்டில் நாலு விரல் பதிந்திருந்தது. விரல் விரலாக, பட்டை பட்டையாக, பெரிய கையின் தடம். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படியில் கால் வழுக்கியதாகவும், கீழே நின்ற ஜெனில் கையைப் பிடித்து நிறுத்தியதாகவும் சிஜி சொன்னாள். செல்லபாய் அதைக் கேட்டுக்கொண்டே எழுந்துவிட்டாள். மீன் சருவம் முற்றத்தில் அப்படியே கிடந்தது. செருப்பு மாட்டக்கூட நிற்கவில்லை.

பட்டறையில் ஜெனில் ஒரு கேட்டுக்கு இரும்புப் பூ வைத்துப் பற்ற வைத்துக்கொண்டிருந்தான். கூட இரண்டு பேர் கம்பி அறுத்துக்கொண்டிருந்தார்கள். எதிரே டீக்கடையில் பெஞ்சு நிறைய ஆள். சிஜி பின்னாலேயே ஓடி வந்து அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். செல்லபாய் கல்யாணத்துக்குப் பிறகு மருமகனை மக்கா என்றல்லாமல் கூப்பிட்டதில்லை. அன்றைக்குக் கூப்பிட்டது, "எலே ஜெனிலே" என்று. அந்த எலே ஒன்று போதும். கம்பி அறுக்கிற மிஷின் நின்றது. டீக்கடைக்காரன் ஆற்றுவதை நிறுத்தினான்.

எனக்க மோளை ஏன் அடிக்கிறாய் என்று அவள் கேட்டாள். ஜெனில் முகமூடியைத் தூக்கி நெற்றியில் வைத்துவிட்டு, முதலில் புரியாமல் பார்த்தான். பிறகு, தான் அவளை அடித்ததே இல்லை என்றான். பின்னே அந்த நாலு விரல் யாருடையது என்று கேட்டாள். அது என்னுடையதுதான், விழப் போனாள், பிடித்தேன் என்றான்.

"கையில உள்ளதப் புடிச்சது. காலில உள்ளது? முதுகில உள்ளது? உறக்கத்துல கெடந்து அடிக்கியோ?"

ஆத்திரத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் ஜெனில் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்தான். தன் இரண்டு கைகளையும் பார்த்தான். அந்தப் பார்வையைக் கண்டு, அவன் ஒத்துக்கொண்டான் என்றே செல்லபாய் எடுத்துக்கொண்டாள். எல்லாருக்கும் முன்னால் மகளின் பக்கம் திரும்பி, இவன் உன்னை அடித்தானா இல்லையா, சொல்லு என்றாள். சிஜி இல்லை என்றாள். அப்படியானால் எப்படி வந்தது என்று கேட்டாள்.

"தெரியாதும்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் சொன்னது உண்மைதான். ஆனால் ரோட்டோரத்தில் நின்று கேட்கிறவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? டீக்கடையிலிருந்து ஒருத்தன் ச்சே என்றான். ஜெனில் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்று மாலையே செல்லபாய் ஒரு பையில் நாலு துணியும் இரண்டு குப்பியும் எடுத்துக்கொண்டு மகளைப் பூவாருக்குக் கூட்டிப் போய்விட்டாள். ஜெனில் தடுக்கவில்லை. போய் நாலு நாள் இருந்துவிட்டு வா என்று மெதுவாகச் சொன்னான். அதையும் அவள் குற்றமாகவே கணக்கு வைத்தாள். குற்றம் இல்லாதவன் பெண்டாட்டியை இப்படிச் சும்மா அனுப்புவானா?

பூவாரில் மகளுக்கு ராஜ உபசாரம். காலையில் முட்டை, மத்தியானம் நெய்மீன், மாலையில் பழம். இரண்டு வேளையும் சத்து. எண்ணெய் தேய்த்துத் தலை வாருவாள். வேலைக்குப் போக விடவில்லை, ஒரு குடம் தண்ணீர் தூக்க விடவில்லை. ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் எனக்க மோளைக் காப்பாத்திக் கொண்டு வந்தேன் என்றாள். நீலமெல்லாம் மஞ்சளாகி மாறியதும் பங்குச் சாமியார் விக்காரியச்சனிடம் போய், முறையாகப் பேசி ஒரு முடிவெடுக்க வேண்டும் என்று வைத்திருந்தாள்.

பழைய நீலங்கள் மாறத்தான் செய்தன. ஆனால் ஒரு காலையில் சிஜியின் தொடையில் புதிதாக ஒன்று இருந்தது.

செல்லபாய் அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து வாசலில் நின்றாள். மறுபடி உள்ளே போனாள். கட்டிலின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள், மழமழவென்று இருந்தது. அவன் ரகசியமாக வந்து போகிறானோ? போய் ரீத்தாவிடம் விசாரித்தாள். இங்கே ஒரு பூனை வந்தால்கூட எனக்குத் தெரியும், யாரும் வரவில்லை என்றாள் ரீத்தா. யேசுவடியானிடம் கேட்டாள். அவர் வலையிலிருந்து தலையைத் தூக்கி, என்னையும் சந்தேகப்படுகிறாயா என்று கேட்டார். அதற்குப் பிறகு யாரிடமும் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அன்றைக்கு மீன் விற்கப் போகாமல் வீட்டுக்குள்ளேயே அங்கேயும் இங்கேயும் நடந்தாள். மகளை நாற்காலியில் உட்காரச் சொன்னாள், எழச் சொன்னாள், மெத்தை விரித்துப் படுக்கச் சொன்னாள். சிஜிக்கே அழுகை வந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்துச் சிஜி குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்தபோது, தோளில் விரல் தடம் தெரிந்தது. முந்தின நாள் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது, ஆடாமல் இருடி என்று செல்லபாய் அழுத்திப் பிடித்த தோள் அது. அவளுடைய வலது ஆட்காட்டி விரலின் நுனி கொஞ்சம் குறை. எப்போதோ சூரை மீன் வெட்டும்போது கத்தி கொண்டுபோனது. தோளில் இருந்த நாலு தடத்தில் ஒன்று மற்றவற்றைவிடக் குட்டையாக இருந்தது. செல்லபாய் தன் கையைத் தூக்கி அதன்மேல் வைத்துப் பார்த்தாள். அப்படியே பொருந்தியது.

கையைச் சுட்டதுபோல் எடுத்துவிட்டாள். என்னம்மா என்று சிஜி கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். அடுக்களைக்குள் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள், அணைத்தாள், மறுபடி பற்ற வைத்தாள். ஒரு பெண்ணை அடிக்காமலேயே அடித்த தடம் விழுமா? விழுமென்றால் பட்டறையில் வைத்து அவள் சொன்னதெல்லாம் என்ன? அந்தக் கேள்விக்குள் போகவே அவளுக்குப் பயமாக இருந்தது. போகாமலும் இருக்க முடியவில்லை.

நல்லவேளையோ கெட்டவேளையோ, மறுநாள் காலை பல் தேய்க்கும்போது சிஜியின் ஈறில் ரத்தம் கசிந்தது. கொப்பளிக்கக் கொப்பளிக்க வந்தது. கொஞ்ச நேரத்தில் மூக்கிலும் வந்தது. துண்டை வைத்துப் பிடித்தும் நிற்கவில்லை. துண்டு நனைந்ததைப் பார்த்து யேசுவடியான் எழுந்து ஓடி ஆட்டோ கொண்டு வந்தார். நெய்யாற்றின்கரை போய்ச் சேரும்வரை செல்லபாய் மகளைத் தொடவே இல்லை. மடியில் சாய்ந்தவளை எங்கே பிடித்தால் எங்கே நீலிக்குமோ என்று இரண்டு கையையும் அந்தரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் விமலகுமாரி பார்த்ததும் கடகடவென்று வேலைகள் நடந்தன. மூக்கில் பஞ்சு வைத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். விரல் நுனியில் குத்தி, ரத்தம் நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார்கள். நிற்க வேண்டிய நேரத்தைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது. செல்லபாய் பையிலிருந்து லேப் ரிசல்ட்டை எடுத்து நீட்டி, கவுண்ட் சரிதானாக்கும் டாக்டரே என்றாள். இப்போது எடுத்ததும் சரியாகத்தான் இருக்கிறது என்று டாக்டர் சொன்னாள். ஆனால் எண்ணிக்கை மட்டும் இருந்தால் போதாது, பிளேட்லெட் என்பது காயம் பட்ட இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்து அடைக்க வேண்டும், இவளுக்கு அது பிடிக்கவில்லை என்றாள்.

செல்லபாய்க்கு அது உடனே விளங்கியது. கரமடி வலை இழுக்கக் கடற்கரையில் ஆளெல்லாம் வந்து நிற்கிறது, எண்ணினால் தலை சரியாக இருக்கிறது, ஆனால் ஒருத்தனும் கயிற்றைப் பிடிக்கவில்லை. வலை எப்படிக் கரையேறும்? தலையை எண்ணிப் பார்த்துவிட்டு அவள் ஒருத்தனைப் பட்டறை வாசலில் நிறுத்திக் குற்றவாளியாக்கியிருக்கிறாள்.

டாக்டர் பழைய கேள்வியை மறுபடி கேட்டாள். வேறு மருந்து ஏதாவது உண்டா? அம்மாவும் மகளும் பழைய பதிலையே சொன்னார்கள். வெள்ளைக் குளிகை ஒன்றால் இவ்வளவு ஆகாதே என்று டாக்டர் யோசித்தாள். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டாள். அதைச் சொல்வதில் செல்லபாய்க்கு என்ன தயக்கம்? முட்டை, மீன், பழம் என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

"பின்ன, ரெண்டு நேரமும் சத்து குடுக்கேன்."

எந்தச் சத்து என்று டாக்டர் நிமிர்ந்தாள். செல்லபாய் பையைத் துழாவி இரண்டு குப்பியையும் மேசையில் வைத்தாள். மகள் எங்கே போனாலும் குப்பியும் போகும். டாக்டர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தாள். எத்தனை என்று கேட்டாள். சிஜி மெதுவாகச் சொன்னாள். டாக்டர் குப்பிகளைத் தள்ளி வைத்தாள். பிறகு, நான் ஒவ்வொரு தடவையும் கேட்டேன் அல்லவா என்றாள்.

"அது மருந்து இல்லியே டாக்டரே. சத்தாக்கும்."

டாக்டருக்குக் கோபம் வந்ததும் தெரிந்தது, அது பாதியில் நின்றதும் தெரிந்தது. இனிமேல் நான் கேட்கிற விதத்தை மாற்ற வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு அம்மாவுக்குப் புரியும்படி பொறுமையாகச் சொன்னாள். வெள்ளைக் குளிகையின் வேலையே பிளேட்லெட்டின் பிடியைக் கொஞ்சம் தளர்த்துவது. அளவு பார்த்துத்தான் கொடுத்தது. விட்டமின் ஈ இவ்வளவு பெரிய அளவில் போனால் அதுவும் அதே பிடியைத் தளர்த்தும். போதாக்குறைக்கு, ரத்தம் உறைய உடம்புக்கு விட்டமின் கே என்று ஒன்று வேண்டும், அதை வேலை செய்யவும் விடாது. மீனெண்ணெயும் தன் பங்குக்குக் கொஞ்சம் இளக்கும். தனித்தனியாக என்றால் இந்த வயதில் உடம்பு தாங்கியிருக்கும். மூன்றும் சேர்ந்து, அதுவும் இரட்டிப்பாக. அதனால் மேசை முனை பட்டாலும் உள்ளே ரத்தம் கசிந்து நீலிக்கும். கையைப் பிடித்தாலும் நீலிக்கும். யாரும் அடிக்க வேண்டியதில்லை.

அந்தக் கடைசி வார்த்தையை டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னாள். பட்டறையில் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. சிஜி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது. யேசுவடியான் வெளியே போய் நின்றார்.

குப்பிகளை உடனே நிறுத்தச் சொன்னாள் டாக்டர். வெள்ளைக் குளிகையையும் சில நாளைக்கு நிறுத்திவிட்டு, மறுபடி சோதித்துத்தான் என்ன செய்வதென்று சொல்வதாகச் சொன்னாள். பயப்பட ஒன்றுமில்லை, ரத்தம் நின்றுவிட்டது, இன்று மட்டும் இங்கே கிடக்கட்டும், சில வாரத்தில் உடம்பு பழையபடி ஆகும் என்றாள்.

டாக்டர் போனதும் சிஜி போனைக் கையில் எடுத்தாள். ஜெனிலின் பெயர் திரையில் இருந்தது. அழுத்தாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னத்தைச் சொல்லுவேன் அம்மா என்றாள். செல்லபாய் போனை வாங்கிக் கட்டிலில் வைத்தாள்.

"நீ சொல்லண்டாம். நான் எங்க வச்சுச் சொன்னேனோ, அங்க போயே சொல்லியேன்."

பாறசாலைக்குப் போகும் பஸ்ஸில் மாணவர்கள் கூட்டம். தலையில் சருவம் இல்லாமல் அந்த ரூட்டில் அவள் போவது அபூர்வம். கை இரண்டும் என்ன செய்வதென்று தெரியாமல் கம்பியைப் பிடித்தன, விட்டன. எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். மக்கா, ஒரு தப்பு நடந்து போச்சு. அது சரியில்லை, தப்பு தானாக நடக்கவில்லை. மக்கா, மாமியிடம் கோபம் வைக்காதே. அதுவும் சரியில்லை, கோபம் வைக்க அவனுக்கு எல்லா நியாயமும் உண்டு. ஒரு கிலோ அயலைக்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிறவளுக்கு ஒரு வாக்கியம் அமையவில்லை. பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. நிற்கும்போதெல்லாம் இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது.

பட்டறையில் ஜெனில் தரையில் உட்கார்ந்து கிரைண்டரில் கம்பி தேய்த்துக்கொண்டிருந்தான். மெலிந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. கூட வேலை பார்க்கிற இருவரும் அவளைக் கண்டதும் நிமிர்ந்தார்கள். டீக்கடையிலும் தலைகள் திரும்பின. ஜெனில் கிரைண்டரை நிறுத்திவிட்டு எழுந்து நின்றான். சிஜிக்கு என்ன மாமி என்றுதான் கேட்டான். அவன் குரலில் பயம் இருந்தது.

ஒத்திகை பார்த்ததெல்லாம் போயே போய்விட்டது. சத்து, குப்பி, வெள்ளைக் குளிகை, மூக்கில் வந்த ரத்தம், பிடிக்காத பிளேட்லெட், தோளில் பதிந்த தன் விரல், டாக்டர் சொன்னது என்று முன்னும் பின்னுமாகக் கொட்டினாள். இப்போது ரத்தம் நின்றுவிட்டது, பேசுகிறாள், பயமில்லை என்றாள். ஜெனில் குறுக்கே பேசாமல் கேட்டான். அவள் முடித்ததும் கையிலிருந்த கம்பியைத் தரையில் வைத்தான். இப்போது திட்டப் போகிறான் என்று செல்லபாய் எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"அப்போ நான் இல்லியா மாமி?"

அவளுக்கு முதலில் பிடிபடவில்லை. நியாயம் கேட்கிறான் என்று நினைத்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும்தான் தெரிந்தது, அவன் உண்மையாகவே கேட்கிறான். தெரியாமல்தான் கேட்கிறான்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அன்றைக்கு மாமி சொன்ன பிறகு யோசித்துப் பார்த்தேன், விழித்திருக்கும்போது நான் அடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும், உறக்கத்தில் என்ன செய்கிறேன் என்று எனக்கு எப்படித் தெரியும்? சிஜியும் தெரியாது என்றுதான் சொன்னாள். அதனால்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போகும்போது தடுக்கவில்லை. அவள் திரும்பி வந்தால் என்ன செய்வதென்று, கையைக் கட்டில் காலில் கட்டிக்கொண்டு உறங்கிப் பழகுகிறேன் மாமி.

வலது மணிக்கட்டைக் காட்டினான். துணி அறுத்த தடம் சிவந்து கிடந்தது. உழைக்கிற கை என்று அவள் மெச்சிய கை.

செல்லபாய் பொய்யாகப் பழி சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள். அந்தப் பழியை இவன் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு இத்தனை நாளும் சுமந்திருப்பான் என்று அவள் நினைக்கவே இல்லை. அழுகை வந்தது. ஆனால் அழுதால் அவன்தான் அவளைத் தேற்ற வேண்டி வரும், அதற்கு அவள் விடவில்லை.

"நீ இல்ல மக்கா. நானாக்கும்."

ஜெனில் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் ஒருக்கா சொல்லுங்க மாமி," என்றான்.

செல்லபாய் சொன்னாள். இந்த முறை எதிரே டீக்கடையில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி, மீன் கூவி விற்கிற குரலில் சொன்னாள்.